வராத சத்தத்துக்கு ஆதாரம்

வராத சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பும்படி கண்ணாடிக்காரரிடம் கேட்டார்கள்.

கேட்டது ஒரு பெரிய கம்பெனி. ஊசியிலிருந்து ஊஞ்சல் வரை எல்லாவற்றையும் படத்தைக் காட்டியே விற்று, வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகும் கம்பெனி. அதில் 'வாடிக்கையாளர் மகிழ்ச்சித் துறை' என்று ஒன்று உண்டு. வாங்கிய சாமான் சரியில்லை என்றால் அந்தத் துறையைத்தான் அணுக வேண்டும். அணுகியவரை முதலில் வாழ்த்துவார்கள். பிறகு காத்திருக்கச் சொல்வார்கள். காத்திருந்த பொறுமைக்காக மறுபடியும் வாழ்த்துவார்கள். அந்தத் துறைக்குப் போய் மகிழ்ச்சியோடு திரும்பியவர் எவரும் உண்டா என்று தெரியவில்லை. ஆனால் துறையில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள். அதைக் கண்ணாடிக்காரர் பிற்பாடு கண்ணாலேயே பார்த்தார்.

கண்ணாடிக்காரர் என்பது அவர் தொழிலால் வந்த பெயர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். காலை முதல் மாலை வரை யாரையாவது நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச்சுவரில் மாட்டிய பலகையைக் காட்டி, "இந்த வரி தெரியுதா? இப்ப தெரியுதா? இப்ப?" என்று கேட்டுக்கொண்டிருப்பது அவர் வேலை. தெரியவில்லை என்று சொன்னால் நம்பிவிடுவார். தெரியாததற்கு ஆதாரம் கேட்கலாம் என்று அவருக்கு இத்தனை வருடத்தில் தோன்றியதே இல்லை.

அப்படிப்பட்ட மனிதர் இந்த வயதில் வாத்தியம் வாங்கப் போனதற்குக் காரணம் அவருடைய அக்கா.

அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது கிளம்பப் போகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லிச் சொல்லியே ஊரை ஓடவைத்த குரல். வீட்டிலும் அவள் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. கணவர் போன பிறகு தனியாகத்தான் இருந்தாள். இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மகன் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிவிட்டான். அடுத்த மாதம் பயணம். போனால் திரும்பி வருவாளா என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது.

அவளுக்கு ஒரு மெட்டு உண்டு. எந்தப் பாட்டில் வருகிறது, யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. துணி தேய்க்கும்போது முணுமுணுப்பாள். அம்மா வேலைக்குப் போயிருந்த பகல்களில் தம்பியைத் தூங்கவைத்ததும் அதே மெட்டுதான். தம்பி பெரியவனாகி, நண்பன் வீட்டில் கிடந்த அக்கார்டியனில் விரல் வைக்கக் கற்றுக்கொண்டபோது முதலில் தேடிப் பிடித்ததும் அதைத்தான். கடைசியாகப் பிடித்ததும் அதுவே. வேறு எதுவும் அவருக்கு வாசிக்க வராது. அக்கா கிளம்பும் அன்று அதை வாசித்துக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. ஐம்பது வயதுக்கு மேல் வருகிற ஆசை சும்மா விடுமா?

முதலில் கடைத்தெருக் கோடியில் இருந்த இசைக்கருவிக் கடைக்குத்தான் போனார். நியாயமாக அதைச் சொல்லிவிட வேண்டும். கதவில் 'வருக' என்று எழுதியிருந்தது. உள்ளே 'தொடாதீர்கள்', 'ஊதாதீர்கள்', 'தட்டிப் பார்க்காதீர்கள்' என்று எழுதியிருந்தது. வாத்தியங்கள் எல்லாம் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. கடை முதலாளி உயரமான முக்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பக்கம் முடிகிறவரை கண்ணாடிக்காரரை நிற்கவைத்தார்.

"என்ன வேணும்?"

"அக்கார்டியன் ஒண்ணு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

முதலாளி அவரைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார். "யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"ஒரு நண்பன்கிட்ட."

"அவர் யார்கிட்ட கத்துக்கிட்டார்?"

கண்ணாடிக்காரருக்குத் தெரியவில்லை. நண்பனுடைய குருவைப் பற்றி விசாரித்து வைத்துக்கொள்ளாமல் கடைக்கு வந்தது தன் தவறுதான் என்று பட்டது.

"அந்த அலமாரியில இருக்கிறதை வாசிச்சுப் பாக்கலாமா?" என்று கேட்டார்.

"வாசிச்சா அது பழைய சாமான் ஆயிடுமே. அப்புறம் யார் வாங்குவாங்க?"

"வாசிக்காம எப்படிங்க வாங்கறது?"

"வாங்கிட்டு வாசிங்க. யாரு வேண்டாம்னு சொன்னா? ஆனா அது விக்கிறதுக்கு இல்ல, பார்வைக்கு. விக்கிறதுன்னா சொல்லி வரவழைக்கணும். வரவழைக்கணும்னா முதல்ல நீங்க அதுக்குத் தகுதியான ஆளான்னு எனக்குத் தெரியணும்." முதலாளி செய்தித்தாளை மடித்து வைத்தார். அவருக்குப் பேச்சு பிடித்துப்போயிற்று. "இந்தக் கடையில அக்கார்டியன் ஒண்ணு வித்து எவ்வளவு காலம் ஆச்சு தெரியுமா? கேக்காத ஆள் இல்ல. நான் கொடுக்கல. கண்டவங்க கையில கொடுத்து வாத்தியத்தோட மரியாதையைக் கெடுக்கிற வழக்கம் எங்க பரம்பரையில கிடையாது. இப்ப எல்லாரும் போன்ல வாங்குறாங்களாம். வாங்கட்டும். ஏன் கடைக்கு ஆள் வர்றதில்லன்னு மட்டும்தான் எனக்குப் புரியல."

கண்ணாடிக்காரர் வீட்டுக்கு வந்து போனை எடுத்தார். அவர் மனைவி அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். அவளுடைய வேலை பள்ளி நூலகத்தில். அதனால் வீட்டில் சத்தமாகப் பேசுவது அவளுக்கு ஓய்வு போல.

"என்னங்க, நீங்களா? 'கண்ணை இங்க காட்டிட்டுக் கண்ணாடிக்குக் காசை அங்க கட்டுறானுங்க'ன்னு தினமும் சாப்பாட்டு நேரத்துல திட்டுவீங்களே, அந்தக் கம்பெனியா?"

"நான் எங்கயும் எதையும் காட்டலையே," என்றார் அவர். "காட்டத்தான் விடலையே அந்த ஆளு."

அக்கார்டியனுக்குக் கீழே வாங்கியவர்களின் கருத்துகள் வரிசையாக இருந்தன. எல்லாம் ஐந்து நட்சத்திரம். 'பெட்டி பலமாக இருந்தது, இன்னும் பிரிக்கவில்லை' என்று ஒருவர். 'சொன்ன நாளுக்கு முன்பே வந்துவிட்டது, வீட்டில் ஆள் இல்லை' என்று இன்னொருவர். இவ்வளவு பேர் திருப்தியாக இருக்கும்போது நமக்கு மட்டும் என்ன வந்தது என்று கண்ணாடிக்காரர் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். வாங்குகிற வேலை அவ்வளவுதான்.

வாத்தியம் வந்தது. கருநீலப் பளபளப்பு, தோள்வார், மடிப்பு மடிப்பாக விரியும் துருத்தி. மாட்டிக்கொண்டு இழுத்தார். மூச்சு விட்டது. உடம்பே சிலிர்த்தது அவருக்கு. மெட்டைத் தொடங்கினார். நான்காவது அடியில் ஒரு கட்டையை அழுத்தினார். சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினார். கட்டை இறங்கியது, ஏறியது. அதற்கு மேல் அதற்கு எந்த அபிப்பிராயமும் இல்லை.

மற்ற கட்டைகள் எல்லாம் தேவலோகம். அது ஒன்றுதான் ஊமை. ஆனால் அக்காவின் மெட்டு எங்கே சுற்றினாலும் கடைசியில் வந்து உட்காரும் இடம் அந்தக் கட்டைதான். ஒரு ஸ்தாயி மேலே தள்ளி அதே சுரத்தை வாசித்துப் பார்த்தார். அமைதியாகப் பேசிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று கீச்சிட்டது போலிருந்தது, மனைவி "என்ன ஆச்சு, யார் மேல விழுந்துச்சு?" என்று ஓடிவந்தாள். வேறு கட்டையில் தொடங்கி மெட்டையே இடம் மாற்றி வாசிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். கண்ணாடிக்காரரின் விரல்களுக்குத் தெரிந்தது ஒரே பாதை. பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றிப் பார்க்கலாம் என்றால் அவற்றின் மேல் ஒரு சிவப்பு ஒட்டுத்தாள்: 'இதை அகற்றினால் உத்தரவாதம் ரத்து.'

அப்படித்தான் அவர் மகிழ்ச்சித் துறைக்கு வந்து சேர்ந்தார்.

"வணக்கம் சார், உங்க மகிழ்ச்சிக்கு நான் எப்படி உதவலாம்?" என்றது போனில் ஒரு பெண்குரல்.

விஷயத்தைச் சொன்னார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு சார். உங்க வருத்தத்தைப் பதிவு பண்ணிக்கிட்டேன். அந்தக் கட்டையிலேர்ந்து வராத சத்தத்தை ரெக்கார்டு பண்ணி அனுப்புங்க. எங்க டீம் கேட்டுப் பாத்துட்டு முடிவு சொல்வாங்க."

"வராத சத்தத்தையா?"

"ஆமா சார். தெளிவா இருக்கணும். பின்னாடி வேற சத்தம் எதுவும் வரக்கூடாது."

கண்ணாடிக்காரர் ஜன்னல்களைச் சாத்தினார். மின்விசிறியை நிறுத்தினார். மனைவியை மூச்சைக் கூட மெதுவாக விடச் சொன்னார். கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க, ஒரு முழு நிசப்தத்தைப் பதிவு செய்து அனுப்பினார். அதைவிடச் சுத்தமான நிசப்தம் அந்தத் தெருவில் அதுவரை எடுக்கப்பட்டதில்லை.

உடனே பதில் வந்தது: 'தாங்கள் அனுப்பிய பதிவில் ஒலி எதுவும் இல்லை. மன்னிக்கவும். தயவுசெய்து ஒலியுடன் மீண்டும் அனுப்பவும்.'

பிறகு வீடியோ எடுத்து அனுப்பினார். வலப்பக்கத்துக் கட்டைகள் எல்லாவற்றையும் வரிசையாக அழுத்தி, ஊமைக் கட்டையை மட்டும் மூன்று தரம் அழுத்திக் காட்டினார். இந்த முறை மேற்பார்வையாளரே கூப்பிட்டார். குரலில் தேன் ஒழுகியது.

"பாத்தேன் சார். பிரமாதமா இருக்கு. மொத்தம் நாப்பத்தொரு கட்டை. அதுல நாப்பது பேசுது. நூத்துக்குத் தொண்ணூத்தேழு மார்க் சார்! உங்க பொண்ணோ பையனோ இந்த மார்க் வாங்கிட்டு வந்தா என்ன பண்ணுவீங்க? கட்டிப் பிடிச்சுக்க மாட்டீங்களா?"

"சார், எனக்கு வேண்டியது அந்த மிச்ச மூணு மார்க்தான். நான் வாசிக்கிற பாட்டு அதுல வந்துதான் நிக்கும்."

"அந்தக் கட்டை வராத பாட்டு எவ்வளவோ இருக்கே சார். ஏன் அதையே பிடிச்சுக்கிட்டுத் தொங்குறீங்க? வேணும்னா நான் ஒரு பட்டியல் அனுப்புறேன். எல்லாமே நல்ல பாட்டு, குடும்பத்தோட கேக்கலாம்."

பட்டியல் வந்தது. கூடவே 'அக்கார்டியன் வாங்கிய உங்களுக்காக' என்று தினம் ஒரு அக்கார்டியன் படமும் போனில் வரத் தொடங்கியது. அந்தக் கம்பெனியின் கணக்குப்படி, அக்கார்டியன் வாங்கியவனுக்கு அடுத்த தேவை இன்னொரு அக்கார்டியன்.

அக்காவின் பயணம் நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் கண்ணாடிக்காரர் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருக் கோடிக்கே போனார். முதலாளி வாத்தியத்தைப் பார்த்தார், அதன் மேலிருந்த கம்பெனி முத்திரையைப் பார்த்தார், செய்தித்தாளைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்தார்.

"ஒரே ஒரு கட்டைதாங்க. கொஞ்சம் பாத்துக் கொடுத்தீங்கன்னா..."

"அங்க வாங்கினதுக்கு நாங்க வைத்தியம் பாக்கறதில்ல," என்றது செய்தித்தாள்.

"சரி, நீங்களே ஒண்ணு வரவழைச்சுக் கொடுங்க. அதையும் வாங்கிக்கறேன்."

"இப்ப எப்படிக் கொடுக்க முடியும்? முன்னாடியாவது நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. இப்பத் தெரிஞ்சு போச்சே."

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது அவருக்குக் கோபம்கூட வரவில்லை. ஒருவன் விற்க மறுக்கிறான். இன்னொருவன் விற்றதை ஒப்புக்கொள்ள மறுக்கிறான். நடுவில் தான் ஏன் வாங்க ஆசைப்பட்டோம் என்றுதான் யோசித்தார்.

அதற்குள் கம்பெனி ஒரு ஆய்வாளரை அனுப்பியது. சீருடை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் அளவு நாடா. வழுக்கை விழுந்த, நிதானமான மனிதர். கண்ணாடிக்காரர் ஆவலோடு வாத்தியத்தை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"அது வேண்டாம் சார். பெட்டி எங்க?"

பெட்டியைத் தேட வேண்டியிருந்தது. மனைவி அதில் கம்பளிகளை அடுக்கிப் பரண்மேல் ஏற்றியிருந்தாள். இறக்கி, காலி செய்து கொண்டுவந்து வைத்தார்கள். ஆய்வாளர் நீளம் அளந்தார், அகலம் அளந்தார், மூலைகளைத் தடவினார், உள்ளே தலையை விட்டு முகர்ந்தார்.

"கட்டையை ஒரு தடவை கேளுங்களேன்," என்றார் கண்ணாடிக்காரர்.

"நான் அட்டைப் பிரிவு சார். சத்தம் எனக்கு வராது." அவர் சங்கடப்பட்டதாகத் தெரியவில்லை. "கேக்கலாம். காது இருக்கு. ஆனா நான் பாட்டுக்குக் கேட்டு வெச்சா, நாளைக்கு ஏன் கேட்டேன்னு கேப்பாங்க. சத்தப் பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு. அவங்க எல்லா வாத்தியத்துலயும் குறை இருக்குன்னு எழுதிக் கொடுத்தாங்க. பிரிவையே எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் பாருங்க, குறையே வர்றதில்ல."

தேநீர் குடித்து முடித்து, பெட்டியை ஒரு தட்டுத் தட்டிப் பாராட்டிவிட்டுக் கிளம்பினார். மாலையே அறிக்கை வந்தது: 'பொருள் மிக நல்ல நிலையில் உள்ளது. கம்பளி வாசனை தவிர வேறு குறை இல்லை.'

கண்ணாடிக்காரர் மேல்முறையீடு செய்தார். வாழ்நாளில் மின்கட்டணத்தைக்கூட மறுகேள்வி கேட்காமல் கட்டிய மனிதர் அவர். கம்பெனி மிகவும் மகிழ்ந்து, வீடியோ அழைப்பில் ஒரு குழுவின் முன் பேச அவருக்கு நேரம் ஒதுக்கியது. குழுவின் பெயர் 'செவிசாய்க்கும் குழு'.

திரையில் ஒரு நீளமேசை தெரிந்தது. பின்சுவரில் பலூன்கள். தலைமை மகிழ்ச்சி அலுவலர் என்று ஒரு அம்மாள் நடுவில்; அவருக்கு ஒருபுறம் ஒலி ஆலோசகர், மறுபுறம் சட்ட ஆலோசகர். மூவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் யாரோ ஒருவர் தலையில் காகிதக் கிரீடத்தோடு கேக் வெட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் கட்டையை அழுத்தினார். மூவரும் கண்ணை மூடிக் கேட்டார்கள்.

"எனக்குக் கேட்டுச்சு," என்றார் ஒலி ஆலோசகர்.

"அது என் நாற்காலி," என்றார் சட்ட ஆலோசகர்.

"நல்ல நாற்காலி," என்று ஒலி ஆலோசகர் ஒப்புக்கொண்டார். "சத்தம் அவர் பக்கத்துல வரலையா, நம்ம பக்கத்துல வரலையான்னு எப்படித் தெரியும்? அவர் வீட்டுல வந்து, வழியில தொலைஞ்சிருக்கலாம்."

சட்ட ஆலோசகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இதை வேற மாதிரிப் பாக்கணும். சத்தம் வரலைன்னு நாம ஒத்துக்கிட்டா, வித்தது சத்தம் வராத வாத்தியம்னு ஆகுது. சத்தம் வராததை வாத்தியம்னு சொல்ல முடியாது. அப்ப இவர் வாங்கினது வாத்தியமே இல்ல. வாத்தியம் வாங்காத ஒருத்தர் வாத்தியப் புகார் கொடுக்க எப்படி உரிமை வரும்? நான் அவர் நன்மைக்குத்தான் சொல்றேன்."

கண்ணாடிக்காரர் திரைக்கு நெருங்கி உட்கார்ந்தார். "அம்மா, நான் கண்ணு பாக்கறவன். ஒருத்தர் வந்து அந்த வரி தெரியலன்னு சொன்னா, தெரியாததை எழுதிக் காட்டுன்னு நான் கேக்கறதில்ல. நம்பிக் கண்ணாடி போட்டுக் கொடுக்கறேன். இது வரைக்கும் யாரும் என்னை ஏமாத்தினதில்ல. ஏமாத்தி அவங்களுக்கு என்ன கிடைக்கும், கண்ணாடிதானே? எங்க அக்கா ஊருக்குப் போறா. அவளுக்கு இதை வாசிச்சுக் காட்டணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

மேசையில் ஒரு கணம் சிரிப்பு நின்றது. பிறகு அந்த அம்மாள் முன்னால் சாய்ந்தார்.

"அருமையா சொன்னீங்க சார். இதை எங்க சுவர்ல எழுதி வைக்கப் போறேன். நாங்களும் வாடிக்கையாளரை நம்புறோம். நம்பிக்கைதான் எங்க அஸ்திவாரம். ஆனா நம்பிக்கைக்கு ஆதாரம் வேணும். ஆதாரம் இல்லாம நம்பினா அது மூடநம்பிக்கை. அதனால ஒண்ணு பண்ணுங்க. அந்தப் பாட்டை முழுசா, நாலு பேர் முன்னாடி, இயல்பான சூழ்நிலையில வாசிங்க. அந்தக் கட்டை வர்ற இடத்துல சத்தம் வரலைன்னு எங்களுக்குத் தெரிஞ்சா, மறுநாளே புது வாத்தியம். இது என் வாக்கு."

மூலையில் கேக் தீர்ந்துபோய்க் கைதட்டினார்கள். அழைப்பு முடிந்தது. கண்ணாடிக்காரருக்குத் தள்ளுபடிக் கூப்பன் ஒன்று வந்தது. அக்கார்டியனுக்கு.

அக்கா கிளம்பும் நாள் வந்துவிட்டது. புது வாத்தியம் வரவில்லை. அக்காவின் வீட்டுக் கூடத்தில் பெட்டிகள் வாய் திறந்து கிடந்தன. அழைத்துப்போக வந்திருந்த மகன் ஒவ்வொன்றையும் தூக்கி எடை பார்த்து, எதையாவது வெளியே எடுத்துக்கொண்டிருந்தான். பேருந்து நிலையத்துப் பழைய சகாக்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று கூட்டம். கண்ணாடிக்காரர் ஊமைக் கட்டையோடுதான் போய்ச் சேர்ந்தார். வேறு என்ன செய்வது?

"விரல் தெரியற மாதிரி உக்காருங்க," என்று மனைவி போனைப் பிடித்தாள். "கட்டை நல்லாத் தெரியணும். நாலு பேரும் தெரியணும். இன்னிக்கு அவங்க தப்பிக்க முடியாது."

"இதென்னடா, பொட்டியோட பொட்டியா நீயும் ஒண்ணு தூக்கிட்டு வந்திருக்க?" என்று அக்கா அதட்டினாள். "எனக்கு எடை தாங்காது, சொல்லிட்டேன்."

"இது உனக்கு இல்லக்கா. கேக்கறதுக்கு மட்டும்தான்."

வாசித்தார். முதல் அடியிலேயே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. கையிலிருந்த புடவையை மடிப்பதை நிறுத்தினாள். நான்காவது அடி வந்தது, கட்டை இறங்கியது, பாட்டு பள்ளத்தில் விழுந்தது. மறந்துவிட்டார் போல என்று கூட்டம் பார்த்தது. அவர் தொடர்ந்தார். எட்டாவது அடியில் மறுபடி பள்ளம். யாரோ இருமினார்கள். கண்ணாடிக்காரருக்குக் காது சூடாகியது. ஆதாரம் நன்றாக அமைந்துகொண்டிருந்தது; பாட்டு செத்துக்கொண்டிருந்தது. அடுத்த தரம் கட்டையை அழுத்தும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

சத்தம் வந்தது.

அக்கா திரும்பக்கூட இல்லை. குனிந்து ஒரு பெட்டியின் ஜிப்பை இழுத்தபடி, அந்த ஒரு சுரத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். பேருந்து நிலையம் முழுக்கக் கேட்ட அதே குரல். நேராக, நடுங்காமல், சரியான இடத்தில். சுரம் முடிந்ததும் வாயை மூடிக்கொண்டாள். தம்பி அடுத்த அடியை வாசித்தார். பள்ளம் வந்ததும் மறுபடி கொடுத்தாள். மெட்டு கடைசியாக வந்து உட்கார வேண்டிய இடத்தில் அவள் குரல்தான் உட்கார்ந்தது, கொஞ்சம் நீளமாகவே.

கண்ணாடிக்காரருக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"ஏண்டா, காசு கொடுத்துப் பல்லுப்போனதையா வாங்கின?" என்றாள் அக்கா. "ஓட்டையை ஓட்டையாவே விட்டுட்டு நீ பாட்டுக்குப் போற. கேக்கிறவளுக்கு எப்படி இருக்கும்? வண்டி பேரைச் சொல்லிட்டு எங்க போகுதுன்னு சொல்லாம விட்ட மாதிரி."

"சரி பண்ணிடுவேன்க்கா. இந்த வீடியோ போனா புதுசு தர்றேன்னிருக்காங்க."

"நான் போயிட்டா அந்த ஓட்டையை யாருடா அடைப்பாங்க?" என்று கேட்டுவிட்டு அக்கா மறுபடி ஜிப்போடு மல்லுக்கு நின்றாள். அது ஏற்கனவே மூடித்தான் இருந்தது.

வீடியோவை மனைவி அன்றே அனுப்பிவைத்தாள். வாக்குக் கொடுத்தபடி மறுநாளே கம்பெனியிலிருந்து பதில் வந்தது.

'மகிழ்ச்சியான செய்தி! தாங்கள் அனுப்பிய பதிவை எங்கள் செவிசாய்க்கும் குழு முழுமையாகக் கேட்டது. குறிப்பிட்ட கட்டை முதல் இரு முறை தயங்கினாலும், பிறகு மிகத் தெளிவாக ஒலிப்பது உறுதியாகியுள்ளது. புதிய வாத்தியங்கள் பழகப் பழகச் சரியாகும். மற்ற கட்டைகளைவிட இந்தக் கட்டையின் நாதம் சிறப்பாக இருப்பதாக எங்கள் ஒலி ஆலோசகர் கருதுகிறார். தங்கள் புகார் மகிழ்ச்சியுடன் முடித்துவைக்கப்பட்டது.'

கண்ணாடிக்காரர் போன் செய்தார். அது மனிதக் குரல், தன் அக்காவின் குரல் என்றார். குரல் பிரிவு வேறு சார் என்றார்கள். மேற்பார்வையாளர் வந்து, அக்காவைத் திருப்பி அனுப்ப விருப்பமா என்று கேட்டார். அக்காவை யாரும் வாங்கவில்லை என்று இவர் கத்தினார். அப்படியென்றால் அது எங்கள் பொறுப்பில் வராது சார் என்று அவர் வாழ்த்திவிட்டுப் போனை வைத்தார்.

சில வாரங்கள் கழித்து மனைவி போனைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டினாள். அந்த அக்கார்டியன் விற்கும் பக்கத்தில் இப்போது ஒரு விளம்பரம் ஓடியது. 'நாதத்தை நீங்களே கேளுங்கள்!' கண்ணாடிக்காரரின் விரல் கட்டையில் இறங்குகிறது; அக்கா குரல் எழுகிறது. கீழே விற்பனை பிய்த்துக்கொண்டு போவதாகப் போட்டிருந்தது. அதற்கும் கீழே யாரோ முகம் தெரியாத ஒருவர் ஒரே ஒரு நட்சத்திரத்தோடு எழுதியிருந்தார்: 'விளம்பரத்தில் கேட்ட சத்தம் எனக்கு வந்த வாத்தியத்தில் இல்லை. எல்லாக் கட்டையும் அழுத்திப் பார்த்துவிட்டேன்.' கம்பெனி பதில் சொல்லியிருந்தது: 'வருந்துகிறோம். தயவுசெய்து அந்த இல்லாத சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பவும்.'

மனைவி சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். அவரும் சிரித்தார்.

உத்தரவாதக் காலம் முடிந்தது. சிவப்பு ஒட்டுத்தாளைக் கிழித்துத் திருகாணியைக் கழற்ற இப்போது தடை எதுவும் இல்லை. கண் பரிசோதனைக்கு வந்த, வாத்தியங்கள் சரிசெய்யத் தெரிந்த ஒருவர், கொடுங்க சார், பத்து நிமிஷ வேலை என்றுகூடச் சொன்னார். கண்ணாடிக்காரர், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் பலகையில் அடுத்த வரியைக் காட்டினார்.

கடைக்கு விடுமுறை நாளில் அவர் அக்காவை வீடியோவில் அழைப்பார். அக்கா அங்கே துணி தேய்த்துக்கொண்டிருப்பாள். குளிரைத் திட்டுவாள், மருமகள் காபி போடுவதைத் திட்டுவாள். அப்புறம் இவர் வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொள்வார். நான்காவது அடியில் ஊமைக் கட்டையை அழுத்தி, துருத்தியை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பார். தூரம் அதிகம் என்பதால் சத்தம் அங்கிருந்து வந்துசேரக் கொஞ்சம் நேரமாகும். இதுவரை ஒருமுறைகூட வராமல் இருந்ததில்லை.